ஹெலிக்காரருக்கு ஒரு நன்றி மடல்

ஊருக்குத் திரும்பி மூன்று கிழமையாகிறது. நன்றிக் கடிதம் எழுதுகிறேன் என்று இலண்டனில் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் எழுதவில்லையா என்று அக்கா போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டா. சரி, இன்றைக்கு எழுதியே முடிக்கிறேன்.

முதல் நன்றி மருமகனுக்கு. இலண்டனுக்கு வெளியே பொலிஸ் ஹெலித் தளமொன்றில் இயந்திரம் பார்க்கிறவன் அவன். "மாமா, ஒரு இரவு வந்து பாருங்கோவன்" என்றபோது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வளர்ந்தவனுக்கு ஹெலி பார்க்கப் போகிற பொருளா? சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பங்கருக்குள் பாய்ந்த பிள்ளைகள் நாங்கள். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு அப்பா அமைத்த பங்கர். இரவென்றால் ஜாம் போத்தல் விளக்கை ஊதிவிட்டு, சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று காதால் அளந்துகொண்டு கிடப்போம். மருமகன் பிறந்தது இலண்டனில். இதெல்லாம் அவனுக்குக் கதை. ஆனாலும் நான் தயங்கியதைக் கண்டு அவசரப்படுத்தாமல், இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டான். அந்த இரண்டு நாளுக்குத்தான் நன்றி.

அனுமதி தந்த பொறுப்பதிகாரிக்கும் நன்றி. அழைப்புக்குப் பறக்கும்போது உங்களை ஏற்றமுடியாது, தரையில் இருக்கலாம் என்றார். அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை அவரிடம் சொல்லவில்லை.

முன்பு பொலிஸ் பிரிவுகள் தனித்தனியே ஹெலி வைத்திருந்தனவாம். 2012 இலிருந்து இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் ஒரே வான்சேவை. ஒரு ஹெலிக்கு மூன்று பேர். வலப்பக்கம் விமானி, அவர் பொலிஸ்காரர் அல்லர். இடப்பக்கம் கமராவை இயக்கும் பொலிஸ் அதிகாரி. பின்னால் இன்னொரு அதிகாரி, வரைபடமும் வானொலியும் அவர் பொறுப்பு.

கமராக்கார அம்மையாருக்குத் தனி நன்றி. வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தைப் பார்க்கிற கமரா அது. கொட்டகைக் கதவில் கையை வைத்து எடுக்கச் சொன்னார். கையை எடுத்த பிறகும் திரையில் ஐந்து விரலும் வெள்ளையாய் நின்று மெல்ல மங்கின. மண்ணுக்குள் இருக்கிறவனை இது காணுமா என்று கேட்டேன். காணாது, கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறவனையே காணாது என்றார். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. அதற்கும் சேர்த்தே நன்றி.

விமானி அரை மணிநேரம் செலவழித்தது ஒரு பௌதிக வாத்தியாரின் நச்சரிப்புக்காக. எங்கள் தலைக்கு மேல் பறந்த பெல் 212 ஹெலியின் மேல்விசிறிக்கு இரண்டே அகன்ற இதழ்கள். அவை காற்றை அறைகிற 'டப் டப்' மைல் கணக்கில் முன்னே வரும். இவர்களுடைய ஈசி 135 க்கு நான்கு. வால் விசிறியை வளையமொன்றுக்குள் அடக்கி, அதன் இதழ்களைச் சமனற்ற இடைவெளியில் வைத்திருக்கிறார்கள், சத்தம் ஒரே சுருதியில் குவியாமல் சிதறட்டும் என்று. அவர் கீறித் தந்த தாள் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது.

மற்றப்படி, பெரும்பாலும் காத்திருப்புத்தான். தேத்தண்ணி, வானிலை, எரிபொருட் கணக்கு. முதல் இரண்டு அழைப்புக்கும் எழும்பிப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். விடியப்புறம் இரண்டு மணிக்குப் பிறகு மூன்றாவது: மறதி நோயுள்ள முதியவர் ஒருவர் இரவு உடுப்போடு வீட்டை விட்டுப் போய்விட்டார்.

ஹெலி எழும்பியபோது வெளியே நின்றேன். என்னைக் கேளாமலே காது அளக்கத் தொடங்கிவிட்டது. கால்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்கிவிட்டன. மருமகன் வந்து பக்கத்தில் நின்றான். ஒன்றும் கதைக்கவில்லை. சத்தம் வடக்கே போய்த் தேய்ந்தது.

வயல் வரம்போரம் பற்றைக்குப் பக்கத்தில், கானுக்குள் கிடந்தவரைக் கமரா கண்டுபிடித்தது. வானொலியில் வழி சொல்லிச் சொல்லித் தரையில் நின்ற பொலிசாரை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "ஆள் விறைச்சுப் போனார், ஆனால் கதைக்கிறார்" என்று இறங்கி வந்தவர்கள் சொன்னதை மருமகன் எனக்குத் தமிழில் சொன்னான்; ஆங்கிலம் விளங்காமல் இல்லை, அவனுக்குச் சொல்லவேண்டும்போல் இருந்திருக்கும்.

கடைசியாக, போன ஞாயிறு இந்தக் கதையைச் சொல்ல இடமும் கதிரைகளும் தந்த எங்கள் சனசமூக நிலையத்தாருக்கு நன்றி. பெடியள் கமராவைப் பற்றியே கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர்தான் வேறு கேள்வி கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த மனிசன் ஹெலிச் சத்தத்தைக் கேட்டு ஒளிக்கேல்லையோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மருமகனே, அவர்களிடம் கேட்டு எழுது. ஆச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறா.