சாவிக்கொத்தும் நடாஷாவும்

காரைக்குடி

அன்புள்ள உமா,

கல்யாணத்துக்கு வராதவளுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முழங்கால் வலி என்றாய். அதே வாரம் நீ பழனி மலை ஏறிய போட்டோ எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. யார் அனுப்பியது என்று கேட்காதே, வேறு யார், நம் கோழிதான். சரி, போகட்டும். தம்பி மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. இவர் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கல்யாண வீட்டு உக்காரையை விட்டு வைக்க முடியுமா?

எழுத வந்தது வேறு. முதல் நாள் ராத்திரி கானாடுகாத்தான் வீட்டில் பிள்ளைகள் ஒரு புரொஜெக்டரைக் கொண்டுவந்து, வளவில் இரண்டு தூணுக்கு நடுவே எட்டு முழ வேட்டியைக் கட்டி, 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' போட்டார்கள். சூப்பர்ஹீரோக்கள் கூட்டமாக வந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். காற்றடிக்கும்போதெல்லாம் ஹல்க்குக்கு வயிறு முன்னால் வந்தது. பெரியாயா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தப் பச்சைக்காரன் எந்தக் கோயில்? இவுகள்லாம் பங்காளிகளா?" என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களில் கோயில் என்றால் வம்சப் பிரிவு. படத்தைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்த விமரிசகரும் கேட்டதில்லை.

என் கட்சி உனக்குத் தெரியும். 2012-இல் வந்த முதல் படம்தான் படம். நியூயார்க் சண்டை வெறும் வாணவேடிக்கை. அந்தப் பறக்கும் கப்பலில் எல்லாரும் ஓர் அறைக்குள் நின்று ஒருத்தரை ஒருத்தர் குத்திக் காட்டுகிறார்களே, அதுதான் விஷயம். ஓடு மாற்றுகிற செலவைப் பேசப் பட்டாலையில் பங்காளிகள் கூடினால் எப்படி இருக்கும், அப்படி. எண்ட்கேமில் கூட்டம் அதிகம், பேச்சு குறைவு. ஆனாலும் கடைசியில் எல்லாரும் வட்டம் வட்டமாக வாசல் திறந்து வரும்போது 2019-இல் மதுரைத் தியேட்டரில் நான் விசிலடித்தேன், நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். விஜய் சேதுபதி குரலில் அயர்ன் மேன் டோனி பேச ஆரம்பித்ததும் பாப்கார்னைக் கொட்டியவள், மானத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

இந்தத் தடவை விசில் வரவில்லை. அந்தச் சூப்பர்ஹீரோக் கூட்டத்தில் ஒருத்தியான நடாஷாவால்தான்.

பாதி உலகம் தூசியாகி ஐந்து வருடம் ஆனபின், எல்லாரும் திசைக்கொருவராகப் போய்விடுகிறார்கள். டோனி ஏரிக்கரையில் வீடும் பிள்ளையுமாக இருக்கிறான். இவள் மட்டும் அந்தப் பெரிய கட்டடத்தில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சேதி கேட்கிறாள். பக்கத்தில் தட்டில் சாண்ட்விச் கிடக்கிறது. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, உமா. வேட்டியில் தெரிந்தது எங்கள் அத்தை.

இரண்டாம் கட்டில் போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? இடுப்பில் சாவிக்கொத்து, மடியில் ஆறிப்போன இட்லித் தட்டு. "வீட்டு வரியில உன் பங்கு இன்னும் வரலையப்பா", "மேல அறையில ஒழுகுது, ஆளைக் கூப்பிடவா?" சென்னைக்கு, கோயம்புத்தூருக்கு, மலேசியாவுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் பூட்டின அறைகளைத் திறந்து காற்று விட்டு, பித்தளைச் சாமான்களை எண்ணி, திரும்பப் பூட்டுவார்கள். அந்த அறை எதிலும் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

அவள் கூட்டாளி கிளின்ட்டுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு, நடாஷாவுக்கு இல்லை. போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரத் தேவையான ஒரு கல்லுக்கு இவர்கள் இருவரில் ஒருத்தர் உயிர் விலை, மலையிலிருந்து விழுகிறவள் அவள்தான். நாலைந்து பேர் ஏரிக்கரையில் நின்று அழுகிறார்கள், ஹல்க் பெஞ்சைத் தூக்கி எறிகிறான், அவ்வளவுதான். கடைசியில் டோனி செத்தபோதோ ஊரே கறுப்பு உடுத்தி நிற்க, மலர்வளையம் தண்ணீரில் மிதக்கிறது. தம்பி மகன் சண்டைக்கு வந்தான். "அத்தை, நடாஷா செத்தது நடுவுல. உலகத்தைக் காப்பாத்துறதா, கருமாதி நடத்துறதா?" என்றான். சரிடா, எல்லாம் முடிந்த பிறகு இரண்டு வளையம் விட்டிருக்கலாமே, பூவுக்கா பஞ்சம் என்றேன். 2021-இல் அவளுக்கென்று தனிப்படம் எடுத்து, எழுத்தெல்லாம் ஓடிய பிறகு ஒரு கல்லறையைக் காட்டினார்கள். பந்தி முடிந்து இலையெடுத்த பின் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முகப்பில் போய் நின்றேன். ஐயாக்கள், அப்பத்தாக்கள், ரங்கூனில் எடுத்த கோட்டுப் போட்ட படம், எல்லாம் மாலையோடு வரிசையாகத் தொங்குகிறது. அத்தை இல்லை. கல்யாணமானால்தானே கோயில் கணக்கில் ஒரு புள்ளி, புள்ளியில் சேராதவர் சுவரிலும் சேரவில்லை. கோபம் அதற்குக்கூட இல்லை. அவர்கள் போன பிறகு எத்தனை தடவை அந்த முகப்பில் நின்றிருக்கிறேன், ஒரு தடவையாவது கண்ணில் பட்டதா? சினிமாக்காரனை மட்டும் திட்டுகிறேன்.

தம்பியிடம் சொன்னேன். படம் கொடுங்க ஆச்சி, மாட்டிவிடுவோம் என்கிறான். வீடெல்லாம் தேடியாயிற்று. என் கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில், தூணுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறது. சாவிக்கொத்து மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். நாம் காலேஜில் படிக்கும்போது உன் அண்ணன் யாஷிகா காமிராவைத் திருடிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு முகப்பில் ஒரு ரோல் முழுக்கத் தீர்த்தாயே. அத்தை கந்தரப்பத் தட்டோடு வந்து, "என்னை எதுக்குடி எடுக்குற" என்று கையை ஆட்டினார்கள். நீ எடுத்துவிட்டாய் என்றுதான் எனக்கு நினைவு. பரண்மேல் அந்த ஆல்பம் இருக்கும், பார். பழனி ஏறின காலுக்கு ஓர் ஏணி ஏற முடியாதா? நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது, பெரிதாகப் போடலாம்.

உன்
மெய்யம்மை