கூண்டு எண்ணுக்கு என்ன பொருள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம், துறைமுகங்களில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி தவறாமல் வெளிவருகிறது. ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை ஓரிரு வரிகளில்கூட விளக்குவது அரிதாகவே இருக்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பெற்றதும் துறைமுக அலுவலர்கள் ஏற்றும் இக்கூண்டுகள் 1 முதல் 11 வரை உள்ளன. எண் கூடினால் ஆபத்தும் அதே அளவில் கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தீவிரமுள்ள புயலையே குறிக்கின்றன: துறைமுகத்துக்கு இடப்புறமாகவா, வலப்புறமாகவா, துறைமுகத்தின் மீதோ அருகிலோ புயல் கரை கடக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. கடும் புயலுக்கான 8, 9, 10 ஆகியவையும் அவ்வாறே. 11 என்பதோ எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். என் கருத்தில் அனைத்திலும் அச்சமூட்டுவது அதுதான்.

நிற அறிவிப்புகளிலும் இதே குழப்பம் நிலவுகிறது. மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு செயலில் இறங்கவும் சொல்பவை. பள்ளி விடுமுறைக்கான முன்னறிவிப்பு அல்ல. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதே அதிகனமழை என்ற அளவுகோலையும் சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள்தோறும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்