வரி ஏறும் முன்னரே அளந்திருக்க வேண்டும்: புகையிலை ஆய்வு நிதி குறித்துத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

தலைவர், உறுப்பினர்கள்,
புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை.
பிரதி: நிதி அமைச்சு, சுகாதார அமைச்சு.

மதிப்புக்குரியவர்களே,

சிகரெட் வரி ஒரு வர்த்தமானியோடு இரவோடிரவாக ஏறுகிறது. விடிந்தால் பெட்டிக்கடையில் விலை மாறியிருக்கும். அந்த ஏற்றம் என்ன செய்தது என்று ஆராய விரும்புபவர் அன்றுதான் முன்மொழிவு எழுதத் தொடங்குவார். மதிப்பீட்டுக் குழு, ஒழுக்கநெறிக் குழு, திறைசேரியின் விடுவிப்பு என்று எல்லாம் முடிந்து முதற் கட்டக் காசு கைக்கு வருவதற்குள் புதிய விலை பழகிப்போய்விடும். ஏற்றத்துக்கு முந்திய நிலை யாரிடமும் பதிவாகி இராது. "முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை பிடித்தீர்கள்?" என்று ஞாபகத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்படிப் பெற்ற விடையை வைத்துத் திறைசேரியோடு வாதாட முடியாது.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். புகையிலை ஆய்வுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு நிலையான பங்கை, ஒற்றை ஆய்வுகளுக்கு அல்லாமல், மாவட்ட மட்டத்தில் ஓயாது நடக்கும் அளவீட்டுக்குத் தாருங்கள். திருகோணமலையில் அதை எப்படிச் செய்யலாம், எங்கே பிழைக்கும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

இலங்கை 2003 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அதன் 20ஆம் உறுப்புரை தேசிய ஆய்வை வளர்க்கும் கடப்பாட்டை நாடுகளின் மேல் சுமத்துகிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் விளம்பரத்தையும் தடுத்தது. சிகரெட் பெட்டியின் பட எச்சரிக்கை 2012இல் பெட்டிப் பரப்பில் 80 வீதம் என்று விதிக்கப்பட்டு, நீதிமன்றம் போய்ச் சுருங்கி, 2015இல் மீண்டும் 80 வீதமானது. சட்டப் புத்தகத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்னும் பின்னும் எங்கள் மாவட்டத்தின் கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ என்ன மாறியது என்று காட்டும் எண்தான் இல்லை.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எமது சிகரெட் தீர்வை நீளத்தைப் பார்த்து விதிக்கப்படுகிறது: 60 மில்லிமீற்றர் வரை, 67 வரை, 72 வரை, 84 வரை, அதற்கு மேல் என ஐந்து வகுப்புகள். நீளமானதற்கு ஏறி, குட்டையானதற்கு அதே அளவு ஏறாவிட்டால், புகைப்பவர் விடுவதற்குப் பதில் குட்டைக்கு இறங்குவார். கிழக்கில் அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது: பீடி. அதற்கும் பக்கத்தில் வெற்றிலையோடு போடும் புகையிலைத் துண்டு. விலை 10 வீதம் ஏறினால் நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் பாவனை சுமார் 5 வீதம் குறையும் என்பது உலகளாவிய மதிப்பீடு. குறைந்த அந்த 5 வீதம் புகையை விட்டதா, பீடிக்குப் போனதா என்பதை அந்த எண் சொல்லாது. சிகரெட் விற்பனையை மட்டும் பார்த்தால் இரண்டும் வெற்றியாகவே தெரியும்.

இதைப் பிடிக்க வேண்டுமானால் நிரந்தரமான விலைக் குழாம் ஒன்று, அதாவது திரும்பத் திரும்பப் போய் விலை பதியும் ஒரே கடைத் தொகுதி, வேண்டும். 60 கடைகள் போதும். மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் இருந்து, சந்தையடிக் கடை, பாடசாலைக்குப் பக்கத்துக் கடை, இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடை, உள்ளூர்ப் பெட்டிக்கடை என்று கலந்து தெரிவு செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். வரி அறிவிப்பு வந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஒரு தடவை, நான்கு வாரம் கழித்து இன்னொரு தடவை. விலையைக் கேட்டு எழுதாதீர்கள், வாங்குங்கள். கேட்டால் பெட்டியில் அச்சிட்ட விலையைச் சொல்வார்கள். உதிரியாக ஒன்று வாங்கும்போது மிச்சக் காசுக்குப் பதில் டொபி கொடுப்பதும் விலையின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு நீள வகுப்பிலும் அதிகம் போகும் சிகரெட் ஒன்று, பீடி ஒரு கட்டு, சுருட்டு ஒன்று, மெல்லும் புகையிலை பத்துத் துண்டு வாங்க வேண்டும். பீடிக் கட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும். புகையிலைத் துண்டுகளை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். விலையை அப்படியே வைத்துத் துண்டைச் சிறிதாக்குவதுதான் சில்லறை வியாபாரத்தின் பழைய வித்தை. நிறை இல்லாத விலைப் பதிவால் அதைக் காண முடியாது.

கடைக்காரர் இதைச் சோதனை என்று நினைத்தால் குழாம் முதற் சுற்றிலேயே கலைந்துவிடும். எனவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம். சட்டத்தைச் செயற்படுத்துபவரும் தரவு சேர்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. 21 வயது விதியைப் பரிசோதிக்கும் கொள்வனவையும் வேறு கடைகளில், வேறு ஆட்களைக் கொண்டு நடத்துங்கள். அதற்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 21 தாண்டிய, பார்வைக்கு இளமையானவர்களை அனுப்பி, அடையாள அட்டை கேட்கப்பட்டதா என்பதை மட்டும் பதியுங்கள்.

அடுத்தது ஆட்கணக்கு. நாடளாவிய ஆய்வொன்றில் 5,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 25 மாவட்டங்களுக்குச் சமமாகப் பிரித்தால் எங்களுக்கு 200 பேர், அதில் ஆண்கள் 100 பேர். அந்த நூற்றில் 25 பேர் புகைப்பவர் என்று வந்தால், கொத்து மாதிரியின் விளைவை (ஒரே ஊரில் எடுப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் கூடும் வழுவை) 1.5 எனக் கொண்டு பார்க்கும்போது, உண்மையான அளவு 15 வீதத்துக்கும் 35 வீதத்துக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். இதை வைத்து மாவட்டத் திட்டம் எழுதுவது வீண் வேலை. 4 வீதப் புள்ளி கூடக் குறைய வழுவோடு அறிய வேண்டுமானால் 450 ஆண்கள் தேவை. கொத்து விளைவுக்கு 1.5ஆல் பெருக்கி, பதில் தராதோருக்கு 10 வீதம் விட்டால் 750. அதாவது 30 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், பிரிவுக்கு 25 பேர். இதுவும் முழு மாவட்டத்துக்குத்தான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பிரித்துச் சொல்ல இந்தத் தொகை போதாது. அதோடு இரண்டு தனித்தனிச் சுற்றுகளை ஒப்பிட்டால் 6 புள்ளிக்குக் குறைந்த மாற்றம் கண்ணில் படாது. அதே ஆட்களைத் திரும்பக் காண்பதே மலிவும் கூர்மையும். ஒற்றை ஆய்வுக்குக் கொடுக்கும் காசில் அது நடக்காது.

இனிக் காலம். எங்கள் கோரிக்கையில் காசு செலவாகாத பகுதி இதுதான். ஆனால் அதிகம் கெடுவதும் இங்கேதான். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, செலவாகாத காசு திரும்பிப் போகிறது. செப்டெம்பரில் பணம் விடுவித்தால் களவேலை ஐப்பசி, கார்த்திகையில் விழும். அது எங்களுக்கு மாரி. வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூரின் தாழ்ந்த பகுதிகளில் பாதை வெள்ளத்தில் நிற்கும். கணக்கெடுப்பாளர் பாதை உள்ள ஊர்களுக்குப் போய் எண்ணிக்கையை நிரப்புவார். மாதிரி நகரப்பக்கம் சாயும், அறிக்கையில் அது ஒரு வரியாகக்கூட வராது.

மறுபக்கம் தென்மேல் பருவக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வரும் மீனவர்கள் குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளில் வாடி என்னும் தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்கிறார்கள். கிராம உத்தியோகத்தரின் வீட்டுப் பட்டியலில் அவர்கள் இல்லை. புகைப்போர் அதிகம் இருக்கக்கூடிய ஒரு கூட்டம் கணக்குக்கு வெளியே நிற்கிறது. வாடிகளைத் தனிப் பிரிவாக எடுத்து, கரையில் எண்ணிப் பட்டியலிட வேண்டும். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூரில் "நேற்று எத்தனை?" என்று கேட்பது பயனற்றது. மாசி முதல் ஆவணி வரைக்குள், நோன்பை விலக்கி, இரண்டு சுற்று நடத்தலாம். அதற்குப் பணம் தை மாதம் கையில் இருக்க வேண்டும்.

பேட்டியிலும் சில விடயங்கள். கடலுக்குப் போனவர் பகலில் தூங்குவார். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டிலுள்ள பெண்தான் அவருக்காகப் பதில் சொல்வார். அதை ஏற்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்களிடம் பெண்ணே கேட்க வேண்டும், மாமியார் இல்லாத நேரத்தில். சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலைப் புகையிலை, பொட்டலத்தில் வரும் கலவைகள், மின்சிகரெட் என்று ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக, படத்தைக் காட்டிக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர் வீட்டைக் காட்டிவிட்டுப் போய்விட வேண்டும். அவர் பக்கத்தில் நின்றால், வீட்டுக்காரர் மனதில் அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு ஓடும், சிகரெட்டுக்குக் காசு செலவழிக்கிறேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார். கையொப்பம் கேட்டால் இங்கே பலர் பின்வாங்குவார்கள். சாட்சியோடு கூடிய வாய்மொழிச் சம்மதத்துக்கு ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கலாம். கணக்கெடுப்பாளருக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் நாட்கூலி கொடுங்கள். படிவக் கூலி மரநிழலில் நிரப்பிய படிவங்களைத்தான் தரும். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போக வேண்டும்.

சொன்னதைச் சரிபார்க்க உபமாதிரியில் உயிரியல் சோதனை வேண்டும். சிறுநீரில் உள்ள கொட்டினின் (உடலில் நிக்கொட்டின் மாறி உண்டாகும் பொருள்) இரண்டு மூன்று நாள் பாவனையைக் காட்டும். ஆனால் புகைப்பவரையும் மெல்லுபவரையும் பிரிக்காது. மூச்சில் கார்பனோரொட்சைட்டு சில மணித்தியாலத்துப் புகையையே காட்டும்; மெல்லுபவரில் ஏறாது. இரண்டையும் சேர்த்தால்தான் யார் எது என்று தெரியும். விறகடுப்புப் புகையும் படகு இயந்திரப் புகையும் மூச்சு அளவைக் கூட்டும் என்பதால் கரைக்கு வந்தவுடன் ஊதச் சொல்லக் கூடாது. வெற்றிலை போட்ட வாயில் எச்சில் மாதிரி எடுக்கவே வேண்டாம்.

வரி ஏறினால் கள்ளச் சிகரெட் பெருகும் என்ற வாதம் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் முன் எழும்பும். தெருவில் வீசிய வெறும் பெட்டிகளைப் பொறுக்கி எண்ணும் முறையைப் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. உதிரியாக விற்கும் இங்கே பெட்டி கடையிலேயே காலியாகிறது. தெருவில் கிடப்பது பெட்டியாக வாங்கும் வசதி உள்ளவரின் பெட்டி மட்டுமே. கடைக் குப்பையிலிருந்து எடுக்க வேண்டும், பட எச்சரிக்கை உள்ளதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். பீடி இலை கடலில் பிடிபடும் செய்திகளை வைத்துச் சந்தையின் அளவைச் சொல்வது இன்னும் மோசம். பிடிபடுவது கூடினால் கடத்தல் கூடியிருக்கலாம், ரோந்தும் கூடியிருக்கலாம்.

பணத்தின் தூய்மை பற்றிச் சுருக்கமாக. 1954இல் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் தாமே ஓர் ஆய்வுக் குழு அமைத்துப் பல பத்தாண்டுகளாகச் சந்தேகத்தை வளர்த்தன. 2017இல் புகையற்ற உலகம் என்ற பெயரில் எழுந்த அறக்கட்டளைக்கு பிலிப் மொறிஸ் நிறுவனம் ஆண்டுக்கு 80 மில்லியன் டொலர் வரை உறுதியளித்தது. அதோடு கூட்டுச் சேர மாட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே புகையிலைத் தொழிலின் தலையீட்டிலிருந்து கொள்கையைக் காக்கச் சொல்லும் சமவாயத்தின் 5.3 உறுப்புரையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் புகையிலை நிறுவனத்திடமோ அதன் பணத்தில் இயங்கும் அமைப்பிடமோ எதையும் பெறவில்லை என்ற வெளிப்படுத்துகை, தவறினால் பணம் மீளளிப்பு. அதே கண்டிப்பு உங்களுக்கும் பொருந்த வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று அதிகாரசபை வெளியீட்டைத் தடுக்க முடியாது. 30 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே.

பணம் எங்கிருந்து? தாய்லாந்து 2001இல் புகையிலை, மதுத் தீர்வையின் மேல் 2 வீத மேலதிக அறவீட்டைச் சட்டமாக்கிச் சுகாதார மேம்பாட்டு நிதியம் அமைத்தது. கலிபோர்னியா 1988 வாக்கெடுப்பில் பெட்டிக்கு 25 சதம் கூட்டி, அதில் 5 வீதத்தை ஆய்வுக்கென ஒதுக்கியது. நாங்கள் அந்த அளவு கேட்கவில்லை. மூன்று ஆண்டு உடன்படிக்கை, ஆண்டுத் தொகையில் பாதி தை மாதம் முற்பணமாக, மீதி தரவு ஒப்படைத்த பின். உபகரணத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பெரும்பகுதி களத்துக்குப் போகட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் பிராந்திய சுகாதாரப் பணிமனையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. வினாக்கொத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் சோதித்துப் பார்க்க ஆட்கள் இங்கேயே உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் ஆவணி முடிவுக்குள் இரண்டு பக்க அறிக்கை ஒன்று நிதி அமைச்சின் மேசையில் இருக்கும்: நீள வகுப்பு வாரியாக விலை, பீடியும் புகையிலைத் துண்டும் எவ்வளவுக்குப் போகின்றன, யார் எதிலிருந்து எதற்கு மாறினர். அடுத்த மாசியில் முதற் சுற்றைத் தொடங்க வேண்டுமானால், ஒழுக்கநெறி விண்ணப்பத்தை இந்த ஐப்பசிக்குள் போட்டாக வேண்டும். அதற்கு உங்கள் எழுத்துமூல உறுதி ஒன்று முதலில் தேவை.

இவ்வண்ணம்,
திருகோணமலை மாவட்டத்தில் பொதுச் சுகாதார ஆய்வில் ஈடுபடுவோர்