பழைய காடிக்கு மீட்டர் பூட்ட நினைக்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் தண்ணீர்ச் சூடு, எண்ணெய் அழுத்தம், வோல்ட் என்று மூன்று மீட்டர் சேர்ந்த மலிவான செட் ஒன்றைப் போனில் காட்டி, "இதைப் பூட்டித் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். பூட்டித் தருவோம். ஆனால் கையில் காசு கொஞ்சம்தான் என்றால், அதே காசுக்கு ஒரே ஒரு நல்ல மீட்டர் வாங்குங்கள். அது தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டராக இருக்கட்டும்.

காடியோடு வந்த சூட்டு முள்ளில் சி (குளிர்), எச் (சூடு) என்ற இரண்டு எழுத்துதான், எண் கிடையாது. பல காடிகளில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அது நகரத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவிலிருந்து கோலகங்சார் பக்கம் போகும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். சமவெளியில் 85, 90 டிகிரியில் ஓடிய எஞ்சின் அங்கே 100-ஐத் தாண்டினால் எண் போட்ட மீட்டர் உடனே சொல்லும். நல்ல ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால் 100-இல் கொதிக்காது. மூடி தளர்ந்திருந்தால் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் எஞ்சினின் மேல் பாகமான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோனால், அடுத்தது அதைக் கழற்றிச் சரிசெய்யும் டாப் ஓவர்ஹால்தான். பழைய காடிக்கு அது பெரிய செலவு.

பெரும்பாலும் ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) வெட்டி, நடுவில் ஒரு அலுமினிய இணைப்பைச் செருகி, அதில் சென்சரைத் திருகுவோம். ஹோஸின் உள் அளவை அளந்த பிறகே இணைப்பை வாங்க வேண்டும். ரப்பருக்கு நடுவில் இருப்பதால் ஒற்றை வயர் சென்சர் என்றால் இணைப்புக்குத் தனி எர்த் வயர் தேவை. அதை விட்டுவிட்டு, மீட்டர் பொய் சொல்கிறது என்று பலர் வருகிறார்கள். இன்னொன்றும் மறக்காதீர்கள்: தண்ணீர் ஒழுகித் தீர்ந்தால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கும். ஓட்டும்போது முள் திடீரென விழுந்தாலும் காடியை ஓரம் கட்டுங்கள்.

அப்புறம் காசு சேர்ந்தால் எண்ணெய் அழுத்த மீட்டர். டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு, அழுத்தம் ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் எரியும். எஞ்சின் சூடான பின் நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ அழுத்தம் என்பது பழைய கணக்கு, அதைச் சுமாராக வைத்துக்கொள்ளலாம். இந்த மீட்டரின் சென்சரை எஞ்சினில் திருகும்போது திருகுப் புரியைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் வகை எஞ்சின்களில் அங்குலத்துக்கு 28 புரி, அமெரிக்க வகை சென்சரில் 27. முதல் இரண்டு சுற்று சரியாகப் போவதுபோல் தெரியும். இறுக்கினால் எண்ணெய் கசியும், புரியும் கெடும். இடையில் ஒரு அடாப்டர் போட்டால் சரியாகிவிடும். குழாய் வழியாக எண்ணெயை டேஷ்போர்டு வரைக்கும் கொண்டுவரும் வகையை நாங்கள் பூட்டுவதில்லை. அந்தக் குழாய் விட்டுப்போனால் சூடான எண்ணெய் உங்கள் காலில்தான் கொட்டும்.

வோல்ட் மீட்டருக்குப் பெரிய செலவு வேண்டாம். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னது போதும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் நன்றாக இருக்கிறது.

மீட்டரின் முகப்பு விட்டம் 52 மில்லிமீட்டரே போதும். கஞ்சிலின் முன் கண்ணாடி ஓரத் தூணில் 60 மில்லிமீட்டர் வைத்தால் பார்வையை மறைக்கும். ஒரு பிராண்டின் சென்சரை வேறு பிராண்டின் மீட்டரோடு சேர்க்காதீர்கள். இரண்டின் ஓம் அளவு (மின்தடை) ஒத்துப்போகாவிட்டால் எண் தப்பாகத்தான் வரும்.

எதை வாங்கும் முன்பும் ரேடியேட்டரைப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் தூசி இடுக்குகளை அடைத்திருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள். மூடியும், தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழசாக இருந்தால் மீட்டருக்கு வைத்த காசில் அவற்றை மாற்றுங்கள்.

மீட்டர் பூட்ட வருபவர்கள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது காடியை விடுங்கள். மீட்டரை வெளியில் வாங்கியிருந்தாலும் பெட்டியோடு கொண்டுவாருங்கள். சென்சரை வெந்நீரில் போட்டு, தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பூட்டுவோம். தப்பாகக் காட்டினால் ஹோஸை வெட்டும் முன்பே நீங்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பட்டறை,
சுங்கை சிப்புட்