அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போடாதே

கீழக்கரை

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெட்டி, எடை, தொதல் டப்பா எல்லாம் உம்மா பார்த்துக்கொள்வாள். நான் எழுதுவது உன் துபாய் வேலைக்குக் கம்பெனி அனுப்பிய இன்சூரன்ஸ் ஃபாரத்தைப் பற்றி. "ஏற்கெனவே நோய் உண்டா" என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போடச் சொன்னாராமே ஏஜென்ட்? போடாதே. வாடைக்காற்று கிளம்பினால் உனக்கு இழுப்பு வரும் என்பது தெருவுக்கே தெரியும். அதை எழுதினால் விசா போய்விடும் என்பது வெறும் பயம். அங்கே விசா மெடிக்கலில் ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பது எச்.ஐ.வி., காசநோய் மாதிரியானவற்றுக்குத்தான். ஆஸ்துமாவுக்காகத் திருப்பி அனுப்புவதில்லை. மறைத்தால்தான் வம்பு. நடுராத்திரி மூச்சு முட்டி அட்மிட் ஆவாய். "எத்தனை வருஷமாக?" என்று டாக்டர் கேட்பார், "சின்ன வயசிலிருந்து" என்பாய், அது கேஸ் ஷீட்டில் ஏறும். பிறகு ஷீட்டையும் ஃபாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பில் உன் தலையில்.

துபாயில் வேலை கொடுப்பவர்தான் இன்சூரன்ஸ் எடுத்துத் தரவேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் சம்பளச் சீட்டை எடுத்து வை. மாசச் சம்பளம் 4,000 திர்ஹமும் அதற்குக் கீழும் வாங்குகிறவர்களுக்கு அடிப்படைத் திட்டம் ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு 1,50,000 திர்ஹம் வரை. உனக்கு அதுதான் வரும். அந்த நாட்டில் முதன்முறை சேருகிறவர்களுக்குப் பழைய நோய்க்கு 6 மாசம் வரை காத்திருப்பு உண்டு. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் அந்தக் கணக்கு இல்லை. நாளைக்குக் கம்பெனி மாறினால், பழைய இன்சூரன்ஸிடமிருந்து தொடர்ச்சிச் சான்று வாங்கிக்கொண்டு மாறு. இல்லையென்றால் அந்த 6 மாசத்தை மறுபடி எண்ண வைத்துவிடுவார்கள்.

அந்த 6 மாசம் இன்ஹேலர் கைக்காசில்தான் என்று வைத்துக்கொள். இங்கிருந்து மூன்று மாசத்துக்கு வாங்கிப் போ. நீ அடிக்கும் நீலக் குப்பியில் 200 அழுத்து மருந்து வரும். ஒரு தடவைக்கு இரண்டு அழுத்து, தினம் இரண்டு தடவை என்றாலும் 50 நாள் ஓடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் குப்பி கூட்டாதே, டாக்டரைப் பார். ராமநாதபுரத்து டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கும்போது கம்பெனிப் பெயரோடு 'சால்பூட்டமால்' என்ற மருந்துப் பெயரையும் சேர்த்து எழுதச் சொல். அங்கே பார்மசியில் கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். குப்பிகள் கைப்பையில், சீட்டோடு. கோடீன் கலந்த இருமல் சிரப், இடுப்புவலிக்குக் கொடுக்கும் டிரமடால் மாத்திரை இரண்டையும் யார் கொடுத்து விடச் சொன்னாலும் தொடாதே. அந்த நாட்டு அரசின் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொள்வாய்.

இறங்கிய அன்றே இன்சூரன்ஸ் கார்டு வராது. மெடிக்கல், கைரேகை, விசா எல்லாம் முடிய வாரங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குப் பயண இன்சூரன்ஸ் எடுத்துக்கொள். ஃபிளைட் ஏறுவதற்கு முன்னால் எடு, போன பிறகு இங்குள்ள கம்பெனிகள் பெரும்பாலும் தரமாட்டார்கள். உன்னோடு வரும் மச்சான் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டியது; அவனுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய். விபத்தில் மரணம், நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். காய்ச்சலுக்கு கிளினிக் போவதற்கு அது உதவாது, சொல்லி வை.

இன்சூரன்ஸ் இருந்தால் எல்லாம் சும்மா என்று நினைத்துக்கொள்ளாதே. துபாய் அடிப்படைத் திட்டத்தில் அட்மிஷன் பில்லில் 20 சதவீதம் உன்னுடையது, ஆனால் ஒரு தடவைக்கு 500 திர்ஹமுக்கு மேல் இல்லை, வருஷத்துக்கு 1,000-க்கு மேல் இல்லை. குடல்வால் ஆபரேஷனுக்கு 6,000 பில் வந்தால் 20 சதவீதம் 1,200. நீ கட்டுவது 500. டிஸ்சார்ஜ் கவுன்டரில் 1,200 என்று சொன்னால் உச்சவரம்பைக் கேள். நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போகவும் முடியாது, முதலில் பொது மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

எல்லோரும் வாடகைக்காக ஷார்ஜாவில் ரோலா பக்கம் ரூம் பிடிக்கிறார்கள், நீயும் அங்கேதான் போவாய். விசா துபாய் என்றால் இன்சூரன்ஸும் துபாய்ச் சட்டப்படி. உன் கார்டு ஓடும் கிளினிக் பட்டியலில் ரூமுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று முதல் வாரமே பார்த்து வை. பட்டியலுக்கு வெளியே போனால் அவசரம் தவிர மற்றதற்குப் பணம் திரும்பி வருவது கஷ்டம். ஆம்புலன்ஸ் 998. விசாவே ஷார்ஜா, அஜ்மான் என்றால் கதை வேறு: அங்கே 2025 ஜனவரி 1 முதல்தான் கட்டாயம், 320 திர்ஹம் திட்டம், கிளினிக் போனால் 25 சதவீதம் நம் பங்கு, அதிகபட்சம் 100. மருந்துக்கு 30 சதவீதம். பழைய நோய்க்குக் காத்திருப்பு இல்லை. உனக்கு அது ஒருவகையில் மேல்.

வேலை விட்டு விசா கேன்சல் செய்தால் இன்சூரன்ஸும் அதிக நாள் நிற்காது. பல் தவிர, பார்க்கவேண்டியதைக் கேன்சல் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பார்த்துவிடு. பல்லை ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் குடும்பப் பாலிசியில் உன் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. எடுத்துவிட்டுப் பின்னால் சேர்த்தால் இழுப்புக்கு மறுபடி 36 மாசம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

விசா நகல் வந்ததும் எந்த எமிரேட் (துபாயா, ஷார்ஜாவா, அஜ்மானா) கொடுத்தது என்று பார்த்து, ஃபாரத்தை அனுப்புவதற்கு முன்னால் இரண்டையும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு.

உன் வாப்பா