வாட்டர் சர்வீஸ் உரிமையாளர்களுக்கு: கடைசி வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருசக்கர வாகனங்களுக்கு வாட்டர் சர்வீஸ் செய்துவரும் உரிமையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் உங்கள் ஷெட்டுகளில் வரிசை நீண்டுவிடுகிறது. மேலூர் சாலையில் எம்-சாண்ட் லாரிகள் சிந்திச் செல்லும் துகளும், குழாய் பதிக்கத் தோண்டிய தெருக்களின் சகதியும் மட்கார்டுக்கு அடியில் அப்பிக்கொள்ள, வேறு வழியில்லாமல் உங்களிடம் வருகிறோம். விற்பனை வேலையாக வாரந்தோறும் இராமநாதபுரத்துக்கும், சில சமயம் இராமேசுவரம் வரைக்கும் வண்டியிலேயே போய்வருகிறவன் என்பதால் எனக்கு இந்தத் தேவை சற்று அதிகம்.

குளிர்நாடுகளில் உறைபனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அது இரும்பை அரித்துவிடும் என்பதால், பனிக்காலம் முடியும்வரை அங்குள்ளவர்கள் வண்டியைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் உப்பு நம் வண்டிகளுக்கும் வருகிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடிக்கு வண்டியில் போகாத மதுரை இளைஞர்கள் குறைவு. அந்தக் கடற்காற்று ஸ்போக்ஸ் முனைகளிலும் செயினிலும் படிந்து ஊருக்குக் கூடவே வருகிறது. மற்றொரு வழியைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படக்கூடாது. அது உங்கள் போர் தண்ணீர்.

நம் ஊரில் பல பகுதிகளில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால்தான் குடிக்கக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறோம். அதே தண்ணீரில் கழுவி வெயிலில் நிறுத்திய என் வண்டியின் டேங்கில், அரை மணி நேரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் பூத்திருந்தன. கண்ணுக்குத் தெரியும் டேங்கைத் துணியால் துடைத்துவிடலாம்; செயின் கவருக்குள்ளும் ஸ்டாண்டு ஸ்பிரிங்கிலும் தங்கியதை யார் துடைப்பது? உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், அந்த இடங்கள் முழுதாகக் காய்வதே இல்லை.

சென்ற ஆண்டு கார்த்திகையில் பின்சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. மெக்கானிக் பேரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெல்லப்பாகு நிறத்தில் துருக்குழம்பு இருந்தது. “அச்சுக்கு நேராகப் பிரஷரில் அடித்திருக்கிறார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஷெட்டின் பெயர் இங்கே தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் வழக்கம் அதுதான்.

ஆகவே, சக்கர அச்சு, கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இணைப்பு, செயின் ஆகியவற்றுக்கு அருகில் தண்ணீர்த் துப்பாக்கியை நேராகப் பிடிக்காமல், தள்ளி நின்று சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள். சகதி ஊறினால் தானாக உதிரும். மட்கார்டின் உட்புறத்துக்குத்தான் அழுத்தம் வேண்டும், அங்கே தாராளமாக அடிக்கலாம். துணி துவைக்கும் பவுடரை விட்டுவிடுங்கள். பளபளப்புக்காக அடியில் டீசல் அடிப்பதையும் நிறுத்துங்கள்; அது ரப்பரைக் கெடுப்பதோடு, அடுத்த தெருவின் புழுதியை எல்லாம் பசைபோல ஒட்டவைத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாகச் செயினைத் துடைத்துக் காயவிட்டு 90 கிரேடு கியர் ஆயில் விட்டாலே போதும்.

நான் முக்கியமாகக் கேட்பது, கடைசியாக ஊற்றும் ஒரு வாளியாவது உப்பில்லாத தண்ணீராக இருக்கவேண்டும் என்பதைத்தான். அதற்கு லாரித் தண்ணீர் வாங்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நீங்கள் அதிகம் கழுவுகிற அதே மாதங்களில் உங்கள் தகரக் கூரையிலிருந்து உப்பே இல்லாத தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் மழையின் அழுக்கை வழியவிட்டு, ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால், பத்து லிட்டர் வாளி ஒரு வண்டிக்குத் தாராளம்.

இதற்காக இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்க நான் தயார். “மழைத்தண்ணீர் அலசல்” என்று ஷெட்டு வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள். அடுத்த இராமேசுவரப் பயணம் முடிந்ததும் வண்டியை நேராக அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவேன்.

இப்படிக்கு,
பழங்காநத்தத்திலிருந்து ஒரு வாடிக்கையாளன்