மழைச்சட்டை யாருக்கு வேண்டும்? மலையேற்றக் குழு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வார இறுதிகளில் மலைக்கு ஆட்களைக் கூட்டிச் செல்லும் நண்பர்களுக்கு,

வணக்கம். எனக்குக் கோவையில் வீடு, திருப்பூரில் வேலை. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். துணியைக் கையில் பிடித்து, தையலை இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத பழக்கம் அப்படி வந்தது. உங்களில் சிலரோடு நடந்தும் இருக்கிறேன். நீங்கள் வெறும் வியாபாரத்துக்காக இதைச் செய்யவில்லை என்பது தெரியும். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

பதிவு செய்தவர்களுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'கொண்டுவர வேண்டியவை' பட்டியலைப் பற்றித்தான் பேச்சு.

போன ஆனி மாதம் என் அக்கா மகள் வால்பாறைப் பக்கம் ஒரு நாள் நடைக்குப் பெயர் கொடுத்தாள். எந்தக் குழு என்பது இங்கே வேண்டாம். பட்டியலின் முதல் வரியே, "பிராண்டட் வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் கட்டாயம். குடை, பான்சோ அனுமதி இல்லை." பான்சோ என்பது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் தளர்வான மழைப் போர்வை. அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு மாதம். 8,500 ரூபாய்க்கு மாதத் தவணையில் ஒரு ஜாக்கெட் வாங்கினாள். கூட வர இருந்த தோழி, "ஒரு நாள் நடக்க அவ்வளவு காசு முடியாதுடி" என்று விலகிக்கொண்டாள்.

நானும் கூடப் போனேன். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. எஸ்டேட் ஓரத்தில் ஒரு மணி நேர ஏற்றம். மேலே ஒரு பாறை மறைவில் நின்றபோது அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த சட்டை பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. "மாமா, இது ஓட்டையா?" என்று முகம் வாடிக் கேட்டாள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. தோள் தையல், அக்குள் தையல் எல்லாவற்றிலும், ஊசித்துளை வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் டேப் உள்பக்கம் ஒழுங்காக ஒட்டியிருந்தது. மழை உள்ளே வரவே இல்லை. அவளுடைய வியர்வைதான் வெளியே போகவில்லை.

இது அந்த ஜாக்கெட்டின் குறையே அல்ல. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூடாக்கி, மெதுவாக இழுப்பதை விட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. நீர்த்துளி நுழைய முடியாது, நீராவி நுழையலாம். 1976-இல் கோர்-டெக்ஸ் என்று விற்பனைக்கு வந்த துணியின் அடிப்படை அதுதான். அருமையான கண்டுபிடிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் துளை வழியாக ஆவி தானாக ஓடிவிடாது. உள்ளே ஆவியின் அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். வெளியே 5 டிகிரிக் குளிர் என்றால் அந்த வித்தியாசம் பெரிது. நம் மலையில் ஆனி, ஆடியில் 24 டிகிரி, காற்றே நனைந்து கிடக்கும். அந்த நிலையில் வித்தியாசம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம் ஏற்றத்தில் ஆள் ஊற்றும் வியர்வையோ இரட்டிப்பு. குளிர் நாட்டு மலைக்காக யோசித்துச் செய்த சட்டையை இங்கே போட்டுக்கொண்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவது ஒரு பூச்சால். பை வார் உராயும் தோளில்தான் அந்தப் பூச்சு முதலில் போகும். போனதும் துணி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போகும், ஆவி போகும் வழி அடைபடும். முன்பு அந்தப் பூச்சில் ஃப்ளூரின் சேர்ந்த ரசாயனங்களைப் பயன்படுத்தினார்கள். மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன என்று இப்போது பல நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டு வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் மாற்றாக வந்த பூச்சு எண்ணெய்க்கும் வியர்வைக்கும் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. அடிக்கடி துவைத்து, இளஞ்சூட்டில் காயவைத்து உயிர் கொடுக்க வேண்டும். இதை உங்கள் பட்டியல் எதிலும் நான் பார்த்ததில்லை.

வாங்கி வைத்ததாவது வருமா? நான் 2016-இல் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். இமயமலைக்கு ஒரு முறை போட்டேன். அப்புறம் மடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பீரோவில் வைத்தேன். நாலு வருடம் கழித்து எடுத்தால் பழைய சோற்றுப் புளிப்பு மாதிரி ஒரு வாடை. உள்பக்கப் பூச்சு வெயிலில் உரிந்த தோல்போலச் செதில் செதிலாகக் கையோடு வந்தது. பாலியூரித்தேன் பூச்சு அப்படித்தான். சூடும் ஈரமும் சேர்ந்தால் போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். மலையேற்றக் காலணிகள் பலவற்றின் நடுச் சோலும் அதே பொருள். ஐந்தாறு வருடம் பெட்டியில் கிடந்த விலை உயர்ந்த ஷூ, மலையில் இரண்டாம் நாள் சோல் பிரிந்து தனியாக வரும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் தட்பவெப்பத்தில் இவை பரம்பரைச் சொத்து மாதிரி நிற்காது.

அதற்காக விலை உயர்ந்த உடை எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. தை மாதக் குளிரில் இமயமலையில் இருக்கும் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறவர் நனையக் கூடாது. அங்கே நனைந்த உடம்பில் காற்று அடித்தால் உடல் சூடு இறங்கி உயிருக்கே ஆபத்து. அங்கே நல்ல மேல்சட்டை வேண்டும், சந்தேகமில்லை. அதையும் எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. அடிவார ஊரான சாங்கிரியிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியபோது கோர்-டெக்ஸ் பிறக்கவே இல்லை. ஆனால் அவர்கள் போட்டிருந்ததும் அந்தக் காலத்தின் தேர்ந்த, செலவு பிடித்த உடைதான். எந்த இடத்தில், எத்தனை நாள், ஓடிப் போய் ஒதுங்க இடம் எவ்வளவு தூரத்தில் என்று பார்த்துத்தான் விலையை எடைபோட முடியும்.

காலையில் ஏறி மாலையில் வேனில் உட்காரும் நடைக்கு? வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஏறி விடியலில் ஏழாவது மலையில் நிற்பவர்களைப் பாருங்கள். நடுங்குகிறவர்களில் பெரும்பாலோர் பருத்தி பனியன் போட்டவர்கள். மழையே இல்லை, வியர்வையில் நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி, காற்றில் ஐஸாகக் குளிர்கிறது. பருத்தி எங்கள் ஊருக்குச் சோறு போடும் நூல். அதையே சொல்கிறேன், ஏற்றத்துக்கு அது வேண்டாம். ஃபுட்பால் ஜெர்சி தைக்கும் பாலியஸ்டர் டி-சர்ட் திருப்பூர்க் கடைகளில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கவரில் முடிந்து பைக்குள் வைத்து, உச்சிக்குப் போனதும் மாற்றிக்கொண்டால் போதும். அந்த இரண்டாவது டி-சர்ட் செய்யும் வேலையை 30,000 ரூபாய் ஜாக்கெட்டும் செய்யாது. மழைக்கு முழங்கால் வரை தொங்கும் பான்சோ. கீழே திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும், பையும் நனையாது. காற்று வீசும் முகட்டில் அது படபடவென்று அடிக்கும், இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் சரி. மரத்தடிப் பாதைக்குக் குடையே போதும். அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் கெட்டி நெசவில் தைத்த காலுறை. கையில் காசு மிஞ்சினால் காலுக்குப் போடுங்கள் என்பேன். அளவு சரியான, பிடிப்புள்ள காலணி வேண்டும். மலிவில் வாங்கி நான் வருந்திய பொருள் காலணி மட்டும்தான்.

இதுவரை சொன்னது நடக்க வருபவர்களுக்கு. இனிச் சொல்ல வருவதற்காகத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன்.

அன்று வால்பாறையில் எங்களுக்கு முன்னால் வழிகாட்டிப் போனவர் பக்கத்து மலைக் கிராமத்து அண்ணன். உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துச் செருகி, தலையிலிருந்து முதுகு வரை கொங்காணி போட்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. எங்களில் ஒருவர், "பாருங்க, அவருக்கு எதுவுமே தேவைப்படல" என்று வியந்தார். பாறை மறைவில் நாங்கள் பொட்டலத்தைப் பிரித்தபோது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. டம்ளர் பல்லில் தட்டும் சத்தம் கேட்டது. "மழ ஆரம்பிச்சா ஐப்பசி வரைக்கும் இதேதான் சார். நெஞ்சுச் சளி போகவே போகாது" என்றார்.

அவருக்குத் தேவைப்படவில்லை என்பது பொய். அவருக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் வருடத்தில் ஆறு நாள் நனைகிறோம். அவர் நூறு நாளுக்கு மேல் நனைகிறார். 12,000 ரூபாய் ஜாக்கெட்டை மூன்று வருடத்தில் நான் போடுவது பதினெட்டு நாள். ஒரு நாளுக்கு 667 ரூபாய் ஆகிறது. அவர் போட்டால் அதே மூன்று வருடத்தில் ஒரு நாளுக்கு 40 ரூபாய். பீரோவில் சிதையவும் நேரம் இருக்காது. அவர் எங்களைப்போல மூச்சிரைக்க ஏறுவதில்லை. வேர்க்காத நடையில் நடந்து, பின்தங்கும் ஆளுக்காக மழையில் நின்று காத்திருக்கிறார். நிற்கும் உடம்பைத்தான் குளிர் பிடிக்கும். அந்தச் சட்டை ஒழுங்காக வேலை செய்வதும் அப்படி நிற்பவர் மேல்தான். நம் மலையில் விலை உயர்ந்த மழைச்சட்டை கொடுத்த காசுக்கு ஈடாகும் ஒரே தோள் அவருடையது.

இது புது யோசனை இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17-ஆம் பிரிவு இருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க, தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது அது. மழையில் வேலை செய்பவருக்கு மழைச்சட்டை வேலைக்கருவி என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். அதே தேயிலை ஓரமாக நம்மைக் கூட்டிப் போகிறவருக்கு அதை யார் தருவது?

நீங்கள் தரலாம். பட்டியலில் 'பிராண்டட்', 'கட்டாயம்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடுங்கள். பான்சோவோ குடையோ, சீக்கிரம் காயும் சட்டை இரண்டு, பிடிப்புள்ள காலணி என்று எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு பான்சோ வாங்கி வைத்து, இல்லாதவர்களுக்கு இரவல் கொடுங்கள். அக்கா மகளின் தோழி மாதிரி யாரும் விலக வேண்டாம். அப்புறம், வரும் ஒவ்வொருவரிடமும் நடைக்கு 100 ரூபாய் கூடுதலாக வாங்குங்கள். இருபது பேர் வரும் நடை ஆறு நடந்தால், அதில் வழிகாட்டி ஒருவருக்குத் தையலில் டேப் ஒட்டிய நல்ல மேல்சட்டையும் மழைக் காற்சட்டையும் வாங்கிவிடலாம். அளவு கேட்டு வாங்குங்கள். உங்கள் குழுவின் பெயரை முதுகில் அச்சடிக்க வேண்டாம், அது அவருடைய சட்டை.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. சட்டைக் கையின் மணிக்கட்டுப் பக்கத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அந்தச் சட்டைக் கைக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் தையல் வரிசையில் ஊசித்துளி வியர்த்தால் அந்தச் சட்டை வேண்டாம். தேவைப்பட்டால் நானே வந்து பார்த்துத் தருகிறேன், ஞாயிறுகளில் சும்மாதான் இருப்பேன். அக்கா மகளின் ஜாக்கெட் இப்போது அந்த அண்ணனிடம்தான் இருக்கிறது. தோள் கொஞ்சம் இறுக்கம் என்றார். அடுத்த தடவை ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். ஆனி பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்களோடு நடந்த ஒருவன்
கோயம்புத்தூர்